ஆண்டிமடம் போன ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசியபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. பெங்களூருக்கு ஏதோ வெளிநாட்டுக் குழு பாட வருகிறது, காலேஜ் படிக்கும் காலத்திலிருந்து அவர்கள் பாட்டென்றால் உனக்கு உயிர், ஆபீஸ் தோழிகள் மூன்று பேரோடு ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறாய் என்று மூச்சு விடாமல் சொன்னாய். அதுவரைக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாகிட்ட ஆபீஸ் ட்ரிப்புன்னு சொல்லிடும்மா, ப்ளீஸ்" என்றாய். அங்கேதான் குக்கர் சாக்கைச் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பொய்யை நான் சொல்லப்போவதில்லை. நான் பெரிய உத்தமி என்பதால் இல்லை. இதே மாதிரி ஒரு பொய்யை நான் ஒரு தடவை சொன்னேன், அதற்கு அடி வாங்கியது நீ.

உனக்கு நினைவிருக்கும். நீ ஏழாம் வகுப்புப் படித்த வருஷம். அப்பா உன்னைக் கைநீட்டி அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஏன் அடித்தார் என்று நீ கேட்டதே இல்லை. அன்றைக்கு நான் எங்கே போயிருந்தேன் என்றும் கேட்டதில்லை. பதினோரு வருஷமாக நீ கேட்காமல் இருப்பதையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்வி தையல் கடை வைத்திருந்தாள் இல்லையா, நீகூட ஸ்கூல் விட்டு அங்கேதான் வருவாய். செல்வியின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தே அவளைப் படிக்க வைத்தவர்கள். அவள் படிப்பை விட்டுவிட்டுத் தையல் கற்றுக்கொண்டு, இருபத்தாறு வயதில் சொந்தமாகக் கடை போட்டாள். நானும் நூர்ஜஹானும் அவளிடம் வேலை பார்த்தோம். நூர்ஜஹானுக்குச் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. அவள் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வரும்போதெல்லாம் ஏதாவது பெரிய சாமானாகத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படி வந்த டேப்ரெக்கார்டரை நூர்ஜஹான் வீட்டில் வைக்காமல் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். "வூட்ல யாரு கேக்கப் போறா? மாமியாருக்குக் காது கேக்காது, எனக்கு வூட்ல நேரமே இல்ல" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் கொக்கி கட்டுவதும் காஜா எடுப்பதும் எல்லாம் பாட்டோடுதான்.

அந்த டேப்பில் நாங்கள் அதிகம் போட்டது ஒரு மெல்லிசைக் குழுவின் கேசட். திருச்சிப் பக்கத்துக் குழு, ஒன்பது பேர். அதனால் எங்கள் ஊரில் அவர்களை 'ஒன்பதாளு செட்டு' என்றே சொல்வார்கள். ஏதோ ஒரு திருவிழாவில் அவர்கள் பாடியதை யாரோ பதிவு செய்து, அது கை மாறிக் கை மாறி கேசட் கடைக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்தது. எல்லாக் குழுவும் பாடுகிற சினிமாப் பாட்டுகளைத்தான் அவர்களும் பாடினார்கள், ஆனால் நன்றாகப் பாடினார்கள். அந்தக் குழுவில் பாடும் பெண்ணின் குரலை நாங்கள் மூன்று பேரும் காப்பி அடித்துப் பார்த்துத் தோற்றுப்போவோம். தபேலாக்காரர் எந்த இடத்தில் கூடுதலாக ஒரு தட்டுத் தட்டுவார் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் 'நம்ம செட்டு' என்றுதான் பேசிக்கொள்வோம்.

அந்தக் கேசட்டில் எனக்கு உயிராக இருந்தது பாட்டே இல்லை. முதல் பக்கத்தின் ஆரம்பத்தில், பிள்ளையார் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், ஏதோ ஒரு வாத்தியம் தனியாக நாலு நிமிஷம் ஒலிக்கும். சொல் கிடையாது, தாளம் கிடையாது. ஒரு மெட்டுப் போகும், பாதியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு நின்ற இடத்திலிருந்து மறுபடியும் கிளம்பும். அப்புறம் யாரோ இருமுவார்கள், பிள்ளையார் பாட்டு வந்துவிடும். அது எந்தப் படத்துப் பாட்டு என்று கேசட் கடைக்காரரிடம் கேட்டேன். இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, "இது படத்துல வந்ததில்லீங்க" என்று சொல்லிவிட்டார். அது என்ன வாத்தியம் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு அதுவரை எதைப் பற்றியும் அப்படி ஓர் ஆவல் வந்ததில்லை, கண்ணு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, கல்யாணம் ஆனது, நீ பிறந்தாய். எல்லாமே யாரோ முடிவு செய்ததுதான், நானாக எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தது கிடையாது. இந்த நாலு நிமிஷம் என்னைப் படாத பாடு படுத்தியது. அது வரும்போது மூன்று மிஷினும் நின்றுவிடும். நூர்ஜஹான், "இது மாண்டலின்தான், அல்லா மேல ஆணையா" என்பாள். எனக்கு அது வீணைக்குத் தம்பி மாதிரி இருந்தது. செல்விக்கு வாத்தியத்தைப் பற்றிக் கவலை இல்லை. வாசிப்பது யார் என்பதுதான் அவளுக்கு. "பொம்பளதாங்க்கா வாசிக்குது. நடுவுல நடுவுல நிக்குது பாருங்க, அடுப்புல எதையோ வெச்சிட்டு வந்தவ மாதிரி" என்றாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடைவெளி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண் தலையைத் திருப்பி உள்ளே பார்ப்பதுதான் கண்ணில் தெரிந்தது.

அந்தக் கேசட் கடைக்காரர்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செல்வியிடம் சொன்னார், ஒன்பதாளு செட்டு மறுநாள் ஆண்டிமடத்தில் வாசிக்கிறது என்று. ஒரு முந்திரி வியாபாரி வீட்டுக் காதணி விழா. காலையில் காது குத்து, பதினோரு மணியிலிருந்து கச்சேரி. செல்வி ஓட்டமும் நடையுமாக நம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றபடி சொன்னாள். "போலாமாக்கா?" என்றாள். "நம்மள யாரும் கூப்பிடலியே" என்றேன். "ஆயிரம் பேரு வருவாங்க, நம்ம மூணு பேரத்தான் எண்ணிப் பாக்கப் போறாங்களா?" என்றாள். அப்பா அப்போது பஸ் டிப்போவில் வேலையில் இருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. 'போ' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஒரு வாத்தியச் சத்தத்துக்காக அழைப்பில்லாத வீட்டு விசேஷத்துக்கு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அதனால் கேட்கவே இல்லை.

மறுநாள் அப்பா காலை ஷிப்டுக்குப் போன பிறகு உனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களையில் சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, அம்மா வெளியே போய்விட்டு வருகிறேன் என்றேன். "எங்கம்மா?" என்று கேட்டாய். வாயில் வந்தது சிறுவாச்சூர். "செல்வி அக்காவோட சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிட்டு வரேன். அப்பா கேட்டா சொல்லிடு" என்றேன். நீ சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். சீப்புப் பாதித் தலையில் நின்றது. அது பொய் என்று அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவசரத்தில் ஒன்றும் உறைக்கவில்லை.

அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் அண்ணன் வூட்டம்மாதானே? எங்கம்மா இந்தப் பக்கம்?" என்றார். டிப்போவில் வேலை பார்ப்பவரின் மனைவி பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் போய்வர நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம், பார். "ஒரு விசேஷம்" என்று முணுமுணுத்தேன். அவர் நகர்ந்ததும் நூர்ஜஹான், "வூட்ல என்ன சொல்லிட்டு வந்த?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்டி, சிறுவாச்சூர்ல திங்களும் வெள்ளியும்தானே கோயில் தொறப்பாங்க? இன்னிக்கு ஞாயித்துக்கெழமைடி!"

செல்வி ஒரு வினாடி என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மனைக் கும்பிடாத நூர்ஜஹானுக்குத் தெரிந்திருக்கிறது, வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அரியலூரில் இறங்கியபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. எதிர்ப்பக்கம் பெரம்பலூர் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. செல்வி, "திரும்பிடலாமாக்கா? மணி ஒம்போதுதான் ஆவுது, அண்ணன் ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள போயிடலாம்" என்றாள். என்னை எண்ணி அவள் உண்மையிலேயே திரும்பத் தயாராக இருந்தாள். நான் அந்த பஸ்ஸைப் பார்த்தேன். உன்னைப் பற்றியும் நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நினைத்த பிறகும், "வேணாம், போலாம்" என்றேன். வாய் தவறி வந்த பொய்யை நான் தெரிந்தே உன் தலையில் கட்டியது அந்த இடத்தில்தான்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி ஆண்டிமடத்தில் இறங்கும்போது மணி பதினொன்றரை. மண்டபத்துக்கு வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் குரல் காதில் விழுந்ததும் நாங்கள் மூன்று பேரும் நடுரோட்டில் நின்றுவிட்டோம். எங்கள் கடையில் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து கேட்ட குரல் அங்கே ஊர் முழுக்க நிறைந்து கிடந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு ஒரு பெரியவர் நின்றார். எங்களைப் பார்த்து, "வாங்க வாங்க. எந்த ஊரு? யாரு வூட்டு சைடு?" என்று கேட்டார். நானும் நூர்ஜஹானும் யோசிப்பதற்குள் செல்வி துணிச்சலாக, "தாய்மாமன் வூட்டு சைடுங்க" என்றாள்.

"அப்படியா? நான்தாம்மா தாய்மாமன்" என்றார் அவர்.

அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரம்பலூரிலிருந்து வருகிறோம், தையல் கடையில் வேலை பார்க்கிறோம், இந்தக் குழுவை நேரில் பார்க்க வந்தோம், பின்னால் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம் என்றேன். அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாட்டுக் கேக்கவா அவ்ளோ தூரத்துலேருந்து வந்தீங்க? பொம்பளைங்க தனியா?" என்றார். குரலில் கோபம் இல்லை, அதிசயம்தான் இருந்தது. "ஓரமா எதுக்கு நிக்கிறீங்க? முன்னால போயி உக்காருங்க. சாப்பிடாம போவக் கூடாது" என்று தானே கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்.

மேடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு எண்ணிப் பார்த்த ஞாபகம் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் நான் தேடியது ஒரே ஒரு ஆளை. கீபோர்டு, கிட்டார், தபேலா, டிரம்ஸ், புல்லாங்குழல், பாடுகிறவர்கள் இரண்டு பேர், மைக் பிடித்துப் பேசுகிறவர் ஒருவர். அந்தச் சத்தம் எதிலிருந்து வரும் என்று ஒவ்வொரு வாத்தியமாகப் பார்த்தேன். எதிலிருந்தும் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்தில் செல்வி கை தட்டித் தட்டிச் சிவந்துபோயிருந்தாள். நூர்ஜஹான் தனக்குப் பிடித்த பாட்டு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் நிலை கொள்ளவில்லை. விரும்பிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். நான் எழுதினேன், தாய்மாமன் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பெரம்பலூர்லேருந்து வந்திருக்கிற சகோதரிகள், நம்ம குழு எப்பவும் மொதல்ல வாசிக்கிற அந்த இசையக் கேட்டிருக்காங்க" என்று மைக்கில் படித்தவர் கொஞ்சம் குழம்பினார். "மொதப் பாட்டு புள்ளையார் பாட்டும்மா, பாடிட்டமே. நீங்க லேட்டா வந்தீங்களா?"

நான் எழுந்து நின்று, "அதுக்கும் முன்னால ஒண்ணு வருமே" என்றேன்.

"அதுக்கு முன்னால ஒண்ணும் கெடையாதுங்களே" என்றார் அவர். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்தால் அது என்னவென்று இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை என்று தோன்றியது. "இருக்குங்க. கேசட்டுல இருக்கு. நான் தெனம் கேக்கறேன்" என்றேன். அவர் விளையாட்டாக, "அப்ப பாடிக் காட்டுங்க, பாப்பம்" என்று மைக்கை மேடை விளிம்புக்கு நீட்டினார்.

கண்ணு, உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெற்றோர் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்தவள் நான். அந்த நான் முன்னால் போய் மைக்கைப் பிடித்தேன். முதலில் காற்றுத்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், கடையில் காஜா எடுத்துக்கொண்டே முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டேன். மெட்டு வந்துவிட்டது. நிற்கிற இடத்தில் நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தேன். அந்த இடைவெளியில் மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லாததைக் கவனித்தேன். கண்ணைத் திறந்தபோது டிரம்ஸ்காரர் குச்சியை ஆட்டிக்கொண்டு கத்தினார்: "அண்ணே! இது நம்ம டிரைவர் அண்ணன் மைக் டெஸ்டுக்கு வாசிக்கிறதுண்ணே!"

அவ்வளவுதான் விஷயம். கச்சேரிக்கு முன்னால் ஸ்பீக்கரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வேன் ஓட்டுகிறவர் மைக் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசிப்பார். குழுவில் ஒருவருமே அதை ஒரு இசையாக நினைத்ததில்லை. பதிவு செய்தவர் டேப்பைக் கொஞ்சம் முன்னாலேயே ஓடவிட்டிருக்கிறார், அதனால் அதுவும் விழுந்திருக்கிறது. ஒன்பதாவது ஆள் அவர்தான். வேனுக்கு அடியில் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டே, "வண்டிய நவுத்தணுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னைத் திகைத்துப் பார்த்தார். பிறகு வேனிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். நீளமான பெட்டி, மேலே கம்பிகள், டைப்ரைட்டரில் இருப்பதுபோல் வரிசையாகக் கட்டைகள். புல்புல்தாரா என்றார்கள். மாண்டலினும் இல்லை, வீணைக்குத் தம்பியும் இல்லை. நூர்ஜஹான் என் தோளில் கிள்ளினாள். செல்வி, "ஆம்பள!" என்று ஏமாற்றத்தோடு சொன்னாள்.

மேடை விளிம்பில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கட்டையை அழுத்தி இன்னொரு கையால் கம்பியைச் சுண்டி வாசித்தார். அதே மெட்டுதான். ஆனால் ஏதோ குறைந்தது. நிற்காமல் கடகடவென்று ஓடி முடிந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வெட்கத்தை விட்டு, "நடுவுல நிறுத்துவீங்களே, ஏன் நிறுத்தல?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அதுங்களா? எந்த ஸ்பீக்கர் கரகரங்குதுன்னு கேக்கறதுக்காக நிறுத்துவேங்க. இப்பதான் எல்லாம் சரியா இருக்கே" என்றார்.

நான் நினைத்துக்கொண்டிருந்த பெண்ணும் அடுப்பும் ஒரு நிமிஷத்தில் காணாமல் போயின. ஆனால் அதைவிட நன்றாக ஒன்று நடந்தது. அவர் மறுபடி பெட்டியைச் சரிசெய்துகொண்டு, இந்தத் தடவை மெதுவாக வாசித்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, தலையைச் சாய்த்து, வலது பக்க ஸ்பீக்கரைக் கேட்டார். பிறகு வாசித்தார். அடுத்த இடத்தில் நிறுத்தி இடது பக்கம் கேட்டார். ஒரு மனிதர் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கீழே இறங்கி வந்தபோது கேள்வியாகக் கேட்டுத் துளைத்தேன். யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை, வண்டி நிற்கிற நேரத்தில் தானாகப் பழகியது. இந்த மெட்டுக்குப் பெயர் என்ன? "பேரா? மைக் டெஸ்டுதாங்க." எத்தனை வருஷமாக வாசிக்கிறீர்கள்? "இருவது வருசம் இருக்கும். நான் வாசிக்கையில எல்லாரும் சேர் போட்டுட்டு இருப்பாங்க. உக்காந்து கேட்டது நீங்கதாங்க மொத ஆளு." எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நூர்ஜஹான் தன் இலையிலிருந்த முந்திரிக் கேக்கை அவர் இலையில் வைத்தாள். மூன்று மணிக்குப் பஸ் ஏறினோம்.

இனி உனக்குத் தெரிந்த பகுதி. ஆனால் உனக்குப் பாதிதான் தெரியும். இரண்டரை மணிக்கு அப்பா வந்து கேட்டிருக்கிறார், நீ சிறுவாச்சூர் என்றாய். ஞாயிற்றுக்கிழமை ஏது கோயில் என்று அவர் கேட்டும் நீ மாற்றிச் சொல்லவில்லை. அவர் சாப்பிடாமல் பஸ் ஏறிச் சிறுவாச்சூருக்குப் போயிருக்கிறார். மூடிக்கிடந்த கோயிலைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார், அங்கே இருந்த தேங்காய்க் கடைகளில் விசாரித்திருக்கிறார். என்னவோ ஏதோ என்று பயந்து திரும்பிய மனிதரிடம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கண்டக்டர், வீட்டம்மா காலையில் அரியலூர் பஸ்ஸில் போனதைச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து உன்னை மறுபடி கேட்டார். நீ மறுபடியும் அதையே சொன்னாய். அப்போதுதான் அடித்தார்.

நான் ஆறேகால் மணிக்கு உள்ளே வந்தபோது உன் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "கோயில்ல கூட்டமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. உன் கன்னத்தைப் பார்த்த பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க, கொஞ்சம் கூட்டம்தான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் வெட்கப்படாமல் பாடிவிட்டு வந்தவள், வீட்டில் இரண்டு பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் பயந்து நின்றேன். நீ அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு இத்தனை வருஷம் வலித்திருக்காது.

மூன்று நாள் அப்பா பேசவில்லை. அவர் என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. புதன்கிழமை மத்தியானம் அவர் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு டிப்போவுக்கே போனேன். ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கேசட், அழையாத விருந்து, மைக், எல்லாம். அவர் முகம் இன்னும் மோசமானது. "ஒரு வேன் டிரைவர் வாசிக்கிறதக் கேக்க ஆண்டிமடம் வரைக்கும் போன. இத நான் நம்பணும்" என்றார். சொல்லும்போதே எனக்கும் நம்ப முடியாததாகத்தான் இருந்தது. "பாடிக் காட்டு" என்றார். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, மற்ற மெக்கானிக்குகள் பார்க்க, பாடிக் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார். "இதுக்காடி?" என்றார். சாப்பாட்டை வாங்கிக்கொண்டார்.

உன்னிடம் அவர் வருத்தம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. நான் தெரிந்தும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு. என் பொய்யைப் பன்னிரண்டு வயதில் நீ சுமந்தாய். இருபத்து மூன்று வயதில் உன் பொய்யை என்னைச் சுமக்கச் சொல்கிறாய். கணக்குக்குச் சரிதான் என்று தோன்றும். ஆனால் அப்பாவை மறுபடியும் ஒரு மூடின கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது. பெங்களூருக்குப் போ. கட்டாயம் போ. முன்னால் போய் உட்கார். அப்பாவிடம் நீயே பேசு. முதலில் கோபப்படுவார், அரை நாள் பேசமாட்டார். அதற்குப் பிறகு என்ன செய்வார் என்பது உனக்குத் தெரிய நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

டிப்போவில் பேசி ஒரு வாரம் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்த ஆளு பேரு என்ன?" என்று கேட்டார். யார் சொல்லிக்கொடுத்தது, எத்தனை வருஷம், மெட்டுக்குப் பெயர் என்ன என்று அத்தனை கேட்டவள், அவருடைய பெயரைக் கேட்கவில்லை. எல்லோரும் டிரைவர் என்றார்கள், நானும் டிரைவர் என்றே நினைத்துவிட்டேன். "கேக்கலீங்க" என்றேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "அவ்ளோ தூரம் போயி, பேரு கேக்கலியா நீ?" என்றார். ஆளுக்காகப் போகவில்லை, பாட்டுக்காகத்தான் போனேன் என்று அன்றைக்குத்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

நாலைந்து மாதம் போனது. நான் மறந்தே போய்விட்டேன். ஒரு மத்தியானம் அப்பா வேலை முடிந்து வந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே "பிச்சமுத்து" என்றார்.

"யாருங்க?"

"அந்த டிரைவரு. பிச்சமுத்து. துவரங்குறிச்சிக்காரராம். அவரு அப்பா நாகூருப் பக்கம் வண்டி ஓட்டினப்ப வாங்கிக் குடுத்த பொட்டியாம் அது."

டிப்போவுக்கு வருகிற திருச்சி வண்டி டிரைவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்திருக்கிறார். இத்தனை மாதமும் ஒருவர் மாற்றி ஒருவராக விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கை கழுவிக்கொண்டு, "எத வெச்சு அமுக்குவாராம் அந்தக் கட்டைய, விரலாலயா?" என்று கேட்டார்.

நான் விரலால் காட்டினேன்.

அம்மா